லெப்டொப்பும் பச்சை வயரும்

1

இந்த ஊரில் குளிர்காலம் வந்தால் எல்லாம் கடிக்கும். கதவுக் கைப்பிடி கடிக்கும், பஸ் கம்பி கடிக்கும், கம்பளிச் சட்டையைக் கழற்றினால் அதுவும் படபடவென்று பொரிந்து கடிக்கும். காற்றில் ஈரம் இல்லாததால் உடம்பில் மின்சாரம் ஏறிக்கொள்கிறது என்று என் மகள் ஷாமினி விளக்கம் சொல்வாள். அவளுக்கு அது விளையாட்டு. காலைக் கம்பளத்தில் தேய்த்துவிட்டு வந்து என் காதைத் தொடுவாள். எனக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று திரும்பும். கனடாவில் இந்த வின்னிபெக்குக்கு வந்து இந்தத் தை மாதத்தோடு இருபது வருஷம். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை, சின்னதாக ஒரு வீடு, நாலு சோடிக் கையுறை என்று எல்லாம் சேர்ந்துவிட்டது. அந்தக் கடிக்கு மட்டும் நான் இன்னும் பழகவில்லை.

போன மாதம் ஒரு பெரிய மின்சாதனக் கடையில் அது என்னை எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுத்தது. மேசையில் இரண்டு லெப்டொப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார்கள். இரண்டும் பதினெட்டு அங்குலத் திரை, இரண்டும் அந்தக் கடையிலேயே உசத்தியான வரிசை. ஒன்று வெள்ளி நிறம், முழுக்க அலுமினிய உடம்பு. மற்றது கறுப்பு, கெட்டிப் பிளாஸ்டிக். நான் வெள்ளியின் மூடியில் விரலை வைத்தேன். சடக்கென்று ஒரு பொறி. "அம்மா" என்று கத்திக் கையை உதறிவிட்டேன். விற்பனையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது லெப்டொப்பிலிருந்து வரவில்லை, உங்கள் உடம்பிலிருந்துதான் வந்தது என்றார். ஷாமினி என்னைத் தெரியாதவள்போல் கைபேசி உறைகள் தொங்கும் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

2

லெப்டொப் எனக்கில்லை. அக்கா மகள் நிரோஷாவுக்கு.

அவர்கள் இருப்பது இலங்கையில், தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், நான் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில். அத்தான் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். நிரோஷா கட்டடப் படங்களைக் கணினியில் முப்பரிமாணமாக வரையப் படித்தவள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று அவளை வீட்டிலிருந்தே வேலை செய்ய எடுப்பதாகச் சொல்லியிருந்தது. பெரிய திரையுள்ள பலமான இயந்திரம் சொந்தமாக இருக்க வேண்டும், மாசி முடிவதற்குள் சோதனைப் படம் ஒன்று வரைந்து அனுப்ப வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. அது சரிவராவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று அவள் பாஸ்போட்டும் எடுத்து வைத்திருந்தாள். அவிசாவளையில் ஏஜென்சிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாராம். மாமா நான் இருக்கிறேன் என்று போனில் வீரமாகச் சொல்லிவிட்டேன். சொல்லி வைத்த பிறகுதான் பயம் வந்தது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இருபத்தேழு வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக்கு முதன்முதலாகக் கரண்ட் கொண்டுபோனவன் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, தெஹியோவிட்ட பஜாரில் ஒரு முதலாளியின் மின்சாமான் கடையில் வேலை. பார்த்துப் பழகியதில் வயர் இழுக்கத் தெரியும் என்று ஒரு திமிர். சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று வயரை வளைத்துத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறினேன். சிவப்பும் கறுப்பும் மாட்டியாகிவிட்டது. பச்சைதான் எர்த், கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற வயர்; அதை இறக்க ஒரு குழாய் அடிக்க வேண்டும். லயத்து வாசல் முழுக்கக் கல். அலவாங்குக் கம்பியால் இடித்தால் கணீரென்று திரும்பி வந்தது. பொழுது சாயப் போகிறது, முழு லயமும் வாசலில் வந்து நின்று பல்பையே பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக்கு அடிக்கிறேன் என்று பச்சை வயரைச் சுருட்டிக் கூரைக்கடியில் செருகிவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நாளைக்கு வரவே இல்லை.

நாலு மாதம் கழித்து நான் கொழும்புக்கு ஒரு வேலைக்காக நேர்முகத் தேர்வுக்குப் போகவிருந்தேன். அக்கா என் சட்டைக்கு அயன் போட்டாள். பழைய அயன் பொக்ஸ், உள்ளே எங்கோ வயர் தேய்ந்திருந்திருக்கிறது. சீமெந்துத் தரை, மழை நாள், வெறுங்கால். பக்கத்து வீட்டு அண்ணன் ரப்பர்ச் செருப்போடு ஓடிவந்து பிளக்கை உதைத்துத் தள்ளியிருக்காவிட்டால் அக்கா இன்றைக்கு இல்லை. வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. ரப்பர் மரத்தில் பட்டை சீவுவதற்கு அந்த இரண்டு விரலின் பிடி வேண்டும். அவளைப் பால் வெட்டிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டுக்குப் போட்டார்கள். எல்லாரும் அயன் பொக்ஸைத்தான் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

3

வெள்ளிக்கும் கறுப்புக்கும் நடுவே நான் மூன்று தடவை அந்தக் கடைக்கு அலைந்தேன். ஷாமினி இணையத்தில் பார்த்துச் சில பரிசோதனைகளைச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். மூடியின் முதுகை அழுத்தினால் திரையில் அலை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை விரலால் திறந்தால் கீழ்ப்பாதி கூடவே எழும்பக் கூடாது. எழுத்துப் பலகையின் நடுவில் அழுத்தினால் குழி விழக் கூடாது.

எனக்கு அதற்கு முந்திய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. எங்கள் முதலாளி எந்தச் சாமானையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். பிறகு விரல் முட்டியால் தட்டுவார். பிறகு தலைகீழாகப் புரட்டி இஸ்குரு ஆணிகளைப் பார்ப்பார். ஆணித் தலை ஒழுங்காக இருந்தால் செய்தவன் ஒழுங்கானவன் என்பது அவருடைய கணிப்பு. நானும் இரண்டையும் தட்டிப் பார்த்தேன். வெள்ளி அடக்கமாக, ஒரே சத்தமாக டொக் என்றது. கறுப்பு இடத்துக்கு ஒரு சத்தம் போட்டது. இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கினால் கறுப்பு முனகியது. அதன் மூடியை அழுத்தினால் திரையில் படம் குளத்து நிழல்போல் ஆடியது. கீலும் திறந்த பிறகு கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தது. வெள்ளியில் ஒரு அசைவு கிடையாது. அடியில் ஆணிகள் வரிசை பிசகாமல் நின்றன.

எல்லாப் பரீட்சையிலும் வெள்ளிதான் முதலாம் பிள்ளை. நான் கறுப்பை வாங்கினேன்.

ஷாமினிக்கு என்மேல் கோபம். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிறகு ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கறுப்பில் அழுக்குத் தெரியாது என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அலுமினிய உடம்பு, சுவரில் சொருகிய பிளக், அக்கா வீட்டுச் சீமெந்துத் தரை, இது மூன்றும் என் கண்ணுக்குள் ஒன்றாக நிற்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? அத்தையின் கை ஏன் அப்படி என்று சின்ன வயதில் அவள் கேட்டபோது வேலையில் அடிபட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

4

கறுப்பை வீட்டில் வைத்துத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தேன். புது ஸ்விட்ச் வந்தால் முதலாளி அப்படித்தான் நூறு தடவை தட்டிப் பார்ப்பார். மூன்றாம் நாள் இடது கீலுக்குப் பக்கத்தில் மயிரிழை அளவில் ஒரு வெடிப்பு. கறுப்பில் அழுக்குத்தான் தெரியாது, வெடிப்பு நன்றாகவே தெரிந்தது. எங்கள் மலைப் பாதையில் பஸ்ஸில் ஒரு தடவை போய் வந்தால் மூடி தனியே, உடம்பு தனியே கையில் வந்துவிடும். நடுவேலையில் அது உடைந்து, படம் அனுப்ப முடியாமல், நிரோஷா ஏஜென்சிக்காரருக்குப் போன் எடுப்பதுவரை நான் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். உடைகிற பயத்தையும் கடிக்கிற பயத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுவதும் தொழிற்சாலையில் ரொட்டித் தட்டுகளைத் தள்ளினேன்.

திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் ஒரு படிவம் நீட்டினார்கள். காரணம் எழுத வேண்டும். வெடிப்பைக் காட்டினேன். அதற்குப் பதில் எது வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். வெள்ளி வேண்டும், ஆனால் அது கரண்ட் அடிக்குமே என்று மனதில் இருந்ததை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுச் சொன்னேன். யார் உங்களை அடித்தது என்று அவள் முகம் மாறிக் கேட்டாள். இருபது வருஷ ஆங்கிலம் இந்த மாதிரி நேரத்தில்தான் காலை வாரும். ஷாமினி என்னைத் தள்ளிவிட்டு, படிவத்தைத் தானே நிரப்பி, வெள்ளியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

கேகாலைப் பக்கத்து மோகன் அண்ணன் ஊருக்குப் போகவிருந்தார். அவர் கையில் கொடுத்துவிட்டேன். கட்டுநாயக்க விமான நிலையச் சுங்கத்தில் அவரை நிறுத்தி, இது யாருடையது, எதற்கு இவ்வளவு பெரிது என்று அரைமணி நேரம் கேட்டார்களாம். நான் எழுதிக் கொடுத்த கடிதம், ரசீது, நிரோஷாவின் அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் காட்டித்தான் வெளியே வந்தாராம்.

அதற்குள் நிரோஷாவுக்கு நான் ஒரு பட்டியலே அனுப்பியிருந்தேன். செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய். மரப் பலகைமேல் வை. ஈரக் கையால் தொடாதே. வானம் உறுமினால் பிளக்கைக் கழற்று. கேட்க வேண்டிய ஒரே கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. முன்னறைக்குப் பிற்காலத்தில் ஒழுங்கான வயரிங் வந்துவிட்டது என்று தெரியும். அவள் வேலை செய்யப் போவது அத்தான் பலகை அடித்துச் சேர்த்த பின்னறையில், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அந்த அறைக்கு எர்த் இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அக்கா காதில் விழும். எர்த் என்றால் என்ன தம்பி என்று அவள் திருப்பிக் கேட்பாள். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

5

காலை ஆறு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் நேரம், நிரோஷாவின் வீடியோ அழைப்பு. அங்கே மாலை ஐந்தரை. முகமெல்லாம் சிரிப்பு. திரை முழுக்கக் கட்டடம் ஒன்று நிற்கிறது, கண்ணாடியில் வெயில்கூடத் தெரிகிறது என்று சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள்.

"மாமா, சார்ஜ் போட்டுட்டு மேல கைய வெச்சா லேசா சுர்ருனு இழுக்குது. எறும்பு ஊர்ற மாதிரி. அது அப்படித்தானா?"

பிளக்கைக் கழற்று என்று கத்தினேன். கத்தியதுதான் பிழை. பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது, என்ன புள்ள, என்ன இழுக்குது என்று. பிறகு படம் ஆடியது, கூரை தெரிந்தது, அழைப்பு அறுந்தது.

அக்கா, மகளைக் கொண்டு மெயின் ஸ்விட்சை நிறுத்தி, லெப்டொப்பை ஒரு பழைய சேலையில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள் என்று நிரோஷா இங்கே மத்தியானம் ஆனபோது செய்தி அனுப்பினாள். சாவி அக்காவின் இடுப்பில். படம் அனுப்ப இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும் மாமா என்று கேட்டிருந்தாள். அன்றைக்கு நான் ஒரு வண்டி ரொட்டியைக் கருக வைத்தேன். பெரிய பயம் என்னவென்றால், அந்தச் சுர்ருக்கு மருந்து எனக்குத் தெரியும். பூட்டைத் திறக்க வைக்கிற வார்த்தையும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அக்கா என்னோடு பேச இன்னும் இருப்பாளா என்பதுதான் தெரியாது.

6

மறுநாள் அதே நேரத்துக்கு எடுத்தேன். நிரோஷாவை வெளியே போகச் சொல்லிவிட்டு அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாமான் கெட்டுப்போனது இல்லை, பின்னறை வயரிங்கில் ஒன்று குறைகிறது, மண்ணுக்கு இறக்குகிற வயர் இல்லாததால்தான் உடம்பில் ஏறுகிறது என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு அயன் பொக்ஸிலும்கூட என்று இழுத்தேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"தெரியும் தம்பி. அந்த பச்ச வயரு. அத அறுத்தது நான்தான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கூரைக்கடியில் சும்மா சுருண்டு கிடக்கிற வயர் என்று நினைத்து, நான் கடைக்குப் போயிருந்த ஒரு நாள், அதை வெட்டி வாசலில் துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறாள். கரண்ட் அடித்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த சிங்களப் பாஸ், அதாவது வயரிங் மேஸ்திரி ஒருவர், எர்த் வயர் இல்லாத வீடோ என்று கேட்டாராம். பச்சையாக இருக்குமே என்றாராம். அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது.

"நீ கஷ்டப்பட்டு போட்ட வேலைய நான் கெடுத்து என் கையையும் கெடுத்துக்கிட்டேன். ஒனக்கு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போவேன்னு சொல்லல. வந்ததும் அந்த கொடிய அறுத்து கெணத்துல போட்டுட்டேன்."

இங்கே நான் உண்மையை எழுத வேண்டும். முதலில் வந்தது ஆறுதல். அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டுவிட்டாள், நான் வாயே திறக்கத் தேவையில்லை. போனது போகட்டும் அக்கா என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு, யாராவது பாஸைக் கூப்பிட்டு எர்த் போடச் சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அவள் மடங்கிய விரல்களை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருஷமாக அந்தக் கையைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவள் தன்னைத்தானே திட்டியிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, அந்த வயர் எதுலயும் மாட்டியிருக்கல. நான் மாட்டல. நாளைக்கு மாட்டுறேன்னு சுருட்டி வெச்சவன் நான். நீங்க அறுத்தாலும் அறுக்காட்டியும் ஒண்ணுதான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தை இல்லை, என் பின்னால் சுவரில் எதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அவள் அழைப்பை நிறுத்தத் தெரியாதவள். கொஞ்ச நேரம் இருட்டாகவே ஓடியது. தூரத்தில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

7

இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. நிரோஷாவும் பதில் எழுதவில்லை. நான் கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலை செய்தேன், மேற்பார்வையாளர் இரண்டு தடவை எச்சரித்தார். என் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஷாமினி என்ன நடந்தது என்று தமிழில் கேட்டாள். அவள் தமிழில் கேட்பது அபூர்வம். அத்தையின் கை வேலையில் அடிபட்டது இல்லை என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, அதனால்தானா கறுப்பு, என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்குப் பிறகு அவள் காலைத் தேய்த்துவிட்டு வந்து என் காதைத் தொடுவதில்லை.

மூன்றாம் நாள் நிரோஷாவிடமிருந்து ஒரு வரி வந்தது. "மாமா, அந்த வயர எங்க மாட்டணும்னு அம்மா கேக்குறாங்க."

படித்துவிட்டுத் தொழிற்சாலைக் கழிப்பறையில் போய் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு எழுதி அனுப்பினேன். வாசலில் வேண்டாம், அது கல். பின்பக்கம் குளிக்கிற தண்ணீர் போய் விழுகிற இடத்தில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அங்கே ஆளுயரத்துக்குக் குழாய் இறக்க வேண்டும். சுற்றிக் கரியும் உப்பும் போட வேண்டும். தெரிந்த பாஸ் ஒருவர்தான் செய்ய வேண்டும், நம் வீட்டு ஆள் யாரும் கை வைக்கக் கூடாது. கடைசி வரியை இரண்டு தடவை எழுதினேன்.

சுனில் பாஸ் என்கிற சிங்கள வயரிங்காரர் வந்தார். மறுநாள் காலை நிரோஷா வீடியோவில் எல்லாவற்றையும் காட்டினாள். குளிக்கிற தண்ணீர் விழுகிற வாழை மரத்தடியில் குழாய் தலை மட்டும் தெரிய இறங்கியிருந்தது. அக்கா கரியைக் கூடையில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. குழாய்த் தலையிலிருந்து ஒரு புதுப் பச்சை வயர் சுவரோடு ஏறி ஜன்னலுக்குள் போனது. சுனில் பாஸ் அதைச் சும்மா பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

லெப்டொப்பைச் சேலையிலிருந்து பிரித்து மேசையில் வைத்தார்கள். நிரோஷா பிளக்கைச் சொருகினாள். தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை மாமா என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி தொடு என்றேன். அப்போது அக்கா கரிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் ஒரு ஸ்விட்சைக்கூடத் தானாகத் தொட்டது கிடையாது, பிள்ளைகளைக் கூப்பிட்டுத்தான் லைட் போடுவாள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் வேண்டாம் அக்கா என்றேன். சுனில் பாஸ் பின்னாலிருந்து, "பய வெண்ட எபா அக்கே," பயப்படாதீங்க அக்கா என்று சிங்களத்தில் சொன்னார். அதை அவளுக்குச் சொன்னாரோ, திரையில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரோ தெரியாது.

அக்கா வலது கையை நீட்டினாள். மடங்கிய இரண்டு விரலையும் இடது கையால் பிடித்து, முடிந்த மட்டும் விரித்து, உள்ளங்கையை வெள்ளி மூடியின்மேல் முழுதாகப் பதித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். என் பக்கத்தில் ஷாமினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்து, நான்கு நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"சில்லுனு இருக்கு தம்பி," என்றாள். கையை எடுக்கவில்லை.